சூட்டு மெஷினுக்குக் குளிர் ஆகாது

குளிரில் நடுங்குகிற பிள்ளைகளுக்கு யாரோ ஒருவர் ஏ.சி. அனுப்பியிருக்கிறார் என்று மிஸ் வந்து சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கீழே குருவிட்டயில் இருக்கிறவர்களுக்கு அனுப்பியிருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பார்கள். அங்கே ஃபேன் ஓடாமல் கண்ணை மூட முடியாது. எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷன் அப்படி இல்லை. மார்கழியில் நத்தார்ப் பண்டிகை நெருங்கும்போதே பனி இறங்கத் தொடங்கிவிடும். தை மாதம் முழுவதும் காலையில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். இரத்தினபுரி மாவட்டத்தில் இப்படியும் ஒரு குளிரா என்று டவுன்காரர்கள் கேட்பார்கள். ஒரு நாள் காலையில் வந்து எங்கள் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று பார்க்கட்டும்.

நான் பிள்ளைக் காம்பராவில் ஆயா. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் பேர் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். அவர்கள் மலையிலிருந்து திரும்பும் வரை பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. காம்பராவுக்குப் பொறுப்பான மிஸ் படித்தவர், பரீட்சை எழுதி வந்தவர். நான் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுத்து வேலையெல்லாம் மிஸ் பார்ப்பார். பால் காய்ச்சுவது, கால் கழுவிவிடுவது, தொட்டிலாட்டுவது எல்லாம் நான். இவற்றோடு கவலைப்படுவதும் என் வேலைதான். அதற்கு மட்டும் யாரும் சம்பளம் போடுவதில்லை.

அந்த வருஷம் என் கவலையெல்லாம் ஒரு கைப்பிள்ளையைப் பற்றியது. எங்கள் லயத்து வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருக்கிற பெண்ணின் பிள்ளை. பிறந்ததிலிருந்தே நெஞ்சில் இழுப்பு. மழைக்காலத்தில் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கொண்டுவந்திருந்தார்கள். குளிர் படக்கூடாது, புகையும் படக்கூடாது என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். புருஷன்காரன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், எப்போதாவது வருவான். அந்தப் பெண் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"இன்னொரு தடவ ஆஸ்பத்திரின்னு போனா நான் பேர வெட்டிட்டு வீட்ல குந்திருவேன் அக்கா. என்னால ரெண்டையும் பாக்க முடியாது."

அவள் தோட்டத்து வேலையிலிருந்து பேரை வெட்டிக்கொண்டால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். அதனால் தை மாதத்தைக் கடக்கும்வரை அந்தப் பிள்ளைக்கு மூச்சு இழுக்கக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மெஷின் அனுப்பியவர் எங்கள் தோட்டத்திலேயே பிறந்து வெளிநாட்டில் இருக்கிறவர். மழைநாளில் வந்து பிள்ளைக் காம்பராவைச் சுற்றிப் பார்த்து, பிள்ளைகள் நடுங்குவதைக் கண்டுவிட்டுப் போனவர். அவர் அனுப்பியது சும்மா ஏ.சி. இல்லை, குளிரும் தரும், சூடும் தரும் என்று மிஸ் புத்தகத்தைப் படித்துச் சொன்னார். அறைக்குள் இருக்கிற காற்றிலிருந்து சூட்டைப் பிடுங்கி முன்பக்கமாக ஊதும். சூடு போன குளிர்க்காற்று பின்னால் இருக்கிற தடித்த குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே போகும். நெருப்பு இல்லை, புகை இல்லை. அதைக் கேட்டதும் என் எரிச்சல் அடங்கியது. அந்தப் பிள்ளைக்காகவே செய்து அனுப்பியதுபோல இருந்தது.

அடங்கிய எரிச்சல், மெஷின் வந்து இறங்கியபோது திரும்பி வந்தது. படுக்க வைக்கக்கூடாது என்று பெட்டியின் நாலு பக்கமும் அம்பு போட்டிருக்கிறது. டிராக்டர் பெட்டியில் உர மூட்டைக்கு மேலே அதைச் சாய்த்துப் படுக்கவைத்து, பாதையின் பள்ளமெல்லாம் குலுக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். உள்ளே கம்ப்ரசர் என்று ஒன்று இருக்கிறதாம். அதிலிருக்கிற எண்ணெய் சாய்ந்தால் வேறு பக்கம் ஓடிவிடுமாம். ஒரு முழு நாள் நிமிர்த்தி வைத்த பிறகுதான் போட வேண்டும் என்றார் மிஸ். நான் அதைப் பிரசவித்த பெண்ணைப்போல மூலையில் நிறுத்தி, பக்கத்தில் யாரையும் விடாமல் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் தலைவர் வந்தார். தொழிற்சங்கத் தலைவர் இல்லாமல் எங்கள் டிவிஷனில் ஒரு குழாய்கூடத் திறக்க முடியாது. வாசலில் தேங்காய் உடைத்தார், ரிப்பன் வெட்டினார், பொத்தானை அமுக்கினார். போட்டோ சரியாக விழவில்லை என்று நிறுத்தி மறுபடி அமுக்கினார். கண்ணை மூடிவிட்டார் என்று மூன்றாவது தடவையும் அமுக்கினார். நிறுத்தினால் கொஞ்ச நேரம் விட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்ரசர் திணறும் என்று மிஸ் மெதுவாகச் சொன்னார். தலைவர் காதில் அது விழவில்லை. மெஷின் உள்ளே ஒரு தடவை முக்கியது.

ஆனால் சூடு வந்தது. அதை இல்லை என்று சொல்லமாட்டேன். முன்பக்கம் கையை நீட்டினால் புதிதாகச் சுட்ட ரொட்டிக்கு மேலே கையை வைத்ததுபோல இருந்தது. அந்தக் கைப்பிள்ளையின் தொட்டிலை அதற்கு எட்டியும் எட்டாமலும் போட்டேன். பிள்ளை நெஞ்சு கரகரக்காமல் தூங்கியது.

அதற்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது.

எங்கள் பக்கம் மழையும் பனியும் சேர்ந்தால் துணி காயாது. பிள்ளைத் துணியை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டால் புகை நாற்றம். பிள்ளைக் காம்பராவில் சூட்டுக் காற்று ஊதுகிறது என்ற செய்தி லயத்துக்குப் போனதோ இல்லையோ, மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொரு தாயும் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் ஈரத் துணி மூட்டையோடு வந்தாள். நான் பால் காய்ச்சிவிட்டுத் திரும்புவதற்குள் மெஷினின் வாயில் துணி, தலையில் துணி, முதுகில் துணி. ஒருத்தி தன் படங்கைக்கூட விரித்திருந்தாள். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற அந்தத் தடித்த விரிப்பை. எடுத்து எறிந்தேன். கோபப்பட்டேன். காற்று உள்ளே போய் வெளியே வர வேண்டும், மூடினால் செத்துவிடும் என்று தொண்டை வற்றச் சொன்னேன்.

"ஒரு கந்த துணிக்கு செத்துப்போற மெஷினா அக்கா வெளிநாட்டுல செய்றாங்க?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

சூடு ஊதும்போது மெஷினின் அடியில் தண்ணீர் சேரும். அதை ஒரு பேசினில் பிடித்து நாளைக்குப் பல தடவை நான் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் நின்றுவிடும். அந்தத் தண்ணீரில் பிள்ளைக்குக் கால் கழுவினால் பிள்ளை கொழும்பில்தான் வாழ்க்கைப்படும் என்று அதற்கும் ஒரு பேச்சு. கீழே தேயிலைப் பேக்டரியில் ரோலர் ஓடத் தொடங்கினால் கரண்ட் இறங்கி எங்கள் பல்பு மங்கும். அப்போது மெஷினை நிறுத்த வேண்டும். பல்பைப் பார், பேசினைப் பார், துணியைப் பார், நடுவில் பிள்ளைகளையும் பார். ஒரு மெஷினுக்கு ஆயா வேலை பார்க்கிறதற்கு நான் சம்மதம் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு நாள் காலையில் மெஷின் ஓடியது, ஆனால் சூடு வரவில்லை. பின்பக்கத்து வலைக்குள் எட்டிப் பார்த்தால் வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது. மிஸ் அங்கே இங்கே பேசி எஹலியகொடயிலிருந்து ஒரு பாஸை வரவழைத்தார். ஏ.சி. பழுதுபார்க்கிறவர், சிங்களக்காரர். மேலே வந்து சேர்வதற்குள் அவருக்கே பல் கிட்டியது. இத்தனை வருஷத்தில் குளிருக்காகத்தான் ஏ.சி. பார்த்திருக்கிறாராம். சூட்டுக்காக ஒருவர்கூடத் தன்னைக் கூப்பிட்டதில்லை என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சிங்களத்தில் சொன்னதை நான் சிங்களத்திலேயே கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டேன். கம்ப்ரசர்தான் இதற்கு நெஞ்சு. அறை ரொம்பக் குளிர்ந்து கிடக்கும்போது போட்டால் முதுகில் ஐஸ் பிடிக்கும். ஐஸோடு ஓட்டினால் நெஞ்சு கெட்டுவிடும். அறையின் குளிர் கொஞ்சம் விட்ட பிறகு போடுங்கள். ஐஸ் கட்டினால் நிறுத்திவிட்டு, அது தானாகக் கரையும்வரை விடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள், சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள். போகும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, பயப்பட வேண்டாம் என்பதற்கு, "பய வென்ன எப்பா அக்கே" என்று வேறு சொன்னார். சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அவர் எஹலியகொட போய்ச் சேர்ந்திருப்பார். நான் இங்கே இரண்டு நெஞ்சைக் காவல் காக்க வேண்டியதாயிற்று.

குளிருக்கு மருந்தாக வந்ததற்கே குளிர் ஆகாது என்றால் என்ன செய்வது? மிஸ்ஸிடம் கேட்டேன். புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார். புத்தகம் எழுதினவனை ஒரு தடவை பார்த்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பிள்ளை விட வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். கதவை அகலத் திறக்காதே, குளிர் மெஷினுக்கு ஆகாது. ஈரக் காலோடு உள்ளே வராதே, மெஷினுக்கு ஆகாது. கம்ப்ரசர் போனால் இந்த மலையில் அதைச் செய்துதர ஆள் கிடையாது. சொல்லிச் சொல்லி எனக்கே வாய் புளித்துவிட்டது. பலர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கைப்பிள்ளையின் தாய் மட்டும் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டு வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. ஒரு நாள் மாலையில் பிள்ளையைத் தூக்க வந்தபோது, மழைக்குத் தலையில் போடுகிற தன் கம்பளியை மடித்துக் கொண்டுவந்து மெஷினைச் சுற்றிப் போர்த்தினாள். காய்ச்சல்காரனைப் போர்த்துகிற மாதிரி, கழுத்தோரம் செருகி. நிறுத்தியிருக்கும்போது போர்த்தினால் பரவாயில்லை என்று மிஸ் சொன்னார். காலையில் நான்தான் எடுப்பேன். அதனால் விட்டுவிட்டேன்.

தையின் நடுவில் ஒரு காலை. பனி கதவுக்கு வெளியே சுவர்போல நின்றது. அந்தப் பெண் பிள்ளையைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தாள். அவள் வாசலில் கால் வைப்பதற்கு முன்பே எனக்குக் கேட்டது. பிள்ளையின் மூச்சு, விசில் அடிக்கிற மாதிரி.

"ராத்திரி நல்லாத்தான் தூங்கிச்சு அக்கா," என்றாள். "விடியத்தான் இப்புடி."

மெஷினின் கம்பளியை எடுத்து, துணி ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, பிள்ளைகள் வருகிற நேரமென்று குளிர் விடக் காத்திராமல் சற்று முன்னால்தான் போட்டிருந்தேன். முன்பக்கம் கையை வைத்தேன். முதலில் லேசாக வெதுவெதுப்பு. பிறகு அதுவும் போய்விட்டது. மெஷினின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. மிஸ் அந்த விளக்குக்கு என்ன அர்த்தமென்று போனில் பார்த்துக்கொண்டே நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். பின்னால் பார்த்தால் முன்பு கட்டியதைவிடத் தடிப்பாக ஐஸ்.

எனக்குப் புரியவில்லை. அன்றைக்குக் குளிர் கூடத்தான். ஆனாலும் போட்ட உடனே இப்படிக் கட்டாது. துணியும் இல்லை, பேசினும் காலி, பல்பும் மங்கவில்லை. பிள்ளையை வாங்கி மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடிப்போய் ஜன்னல் பக்கம் பார்த்தேன். குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் அதன் வாயைக் காணோம். ஒரு உரச் சாக்கைச் சுருட்டி உள்ளே திணித்து, மேலே இன்னொரு சாக்கைப் போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. மூடை கட்டுகிறபோது போடுகிற முடிச்சு. மெஷின் மூச்சு விடுவதற்கு இருந்த ஒரே வழியும் அடைத்தாகிவிட்டது.

கயிற்றை அறுத்துச் சாக்கை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். இது யார் செய்த வேலை என்று கேட்டேன். பிள்ளையை மடியில் வைத்திருந்த மிஸ் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் சாக்கைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து சாயந்தரம் நான்தான் கட்டினேன் அக்கா."

"எதுக்கு புள்ள?"

"அந்தக் கொழாயால ஒரே குளிர் காத்து. கையை வெச்சா ஐஸ் மாதிரி இருந்திச்சு. வெளிய உள்ள பனி அதுவழியா ஏறி உள்ள போகுதுன்னு நெனச்சேன்." மெஷினைக் கையால் காட்டினாள். "குளிர் பட்டா கம்ப்ரசர் போயிரும்னு நீங்கதானே தெனமும் சொன்னீங்க."

அவளைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் குளிர் அந்தக் குழாய் வழியாக வெளியேதான் போகிறது, உள்ளே வரவில்லை என்று அவளுக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. ஆகாது, ஆகாது என்றேனே தவிர, எது வருகிறது, எது போகிறது என்று யாரிடம் விளக்கினேன்? துணி போட்டவளுக்கு அக்கறை இல்லை என்று ஆத்திரப்பட்டேன். இவளுக்கு அக்கறை கூடிப்போய் இப்படி. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குத்தான் தலைவலி.

பெரட்டுக்களத்திலிருந்து கங்காணி கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை. மெஷின் ஓடினால்தான் போவேன், இல்லையென்றால் இன்றோடு பேர் வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐஸ் கரையும்வரை மெஷினைத் தொடக்கூடாது. அறையோ குளிர்கிறது. பிள்ளையோ விசிலடிக்கிறது.

பால் காய்ச்சுகிற சின்ன அறையில் அடுப்பு இருந்தது. விடியவே பற்றவைத்து, காய்ச்சி முடித்துவிட்டேன். புகையெல்லாம் கூரை வழியாகப் போய்விட்டது. தணல் மட்டும் கிடந்தது. கொள்ளிகளை இழுத்து வெளியே எறிந்தேன், சாம்பலை மேலே மூடினேன், மூக்கை நீட்டி மோந்து பார்த்தேன். புகை இல்லை என்று தெரிந்த பிறகு பிள்ளையை வாங்கி, என் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அடுப்பறைக் கதவைத் திறந்துவிடச் சொன்னேன், அந்தச் சூடு பெரிய அறைக்கும் போகட்டும் என்று. அவள் எழுந்து கதவைத் திறந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அங்கே மெஷினின் அடியிலிருந்து பேசினில் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மிஸ் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இன்னும் இருக்கிறது என்பார், பிறகும் இன்னும் இருக்கிறது என்பார். கங்காணி வாசல்வரை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். பிள்ளையின் முதுகு என் கைக்குள் ஏறி இறங்கியது. எப்போது விசில் குறைந்தது என்று எனக்குத் தெரியாது. கை முதலில் உணர்ந்தது, காது பிறகு.

மிஸ் மெஷினைப் போட்டபோது அது ஒரு தடவை முனகி, பிறகு ஓடத் தொடங்கியது. அந்தப் பெண் கையை வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். கூடையைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் ஓடினாள். அன்றைக்குக் கங்காணி அவளுக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான் போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். விடியற்காலையில் யாரும் மெஷினைத் தொடக்கூடாது. நான் எல்லோருக்கும் முன்னால் வந்து அடுப்பைப் பற்றவைத்து, புகையை வெளியே விட்டு, தணலாக்கி வைப்பேன். கைப்பிள்ளைகள் முதலில் அந்தச் சின்ன அறையில். வெயில் கூரையில் விழுந்து அறையின் குளிர் விட்ட பிறகு மெஷின். அதாவது, குளிருக்கென்று வந்த மெஷின், குளிர் குறைந்த பிறகுதான் வேலைக்கு வரும். அதைச் சொன்னபோது மிஸ்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வேலை இரட்டிப்பானதுதான் மிச்சம். ஆனால் அந்தத் தை முடியும்வரை அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. அவள் பேரையும் வெட்டவில்லை. எல்லாரும் மெஷினைப் புகழ்ந்தார்கள். புகழட்டும்.

அந்த நாளுக்குத் திரும்புகிறேன். பகலில் பால் கொடுக்கிற நேரத்துக்கு அவள் மலையிலிருந்து இறங்கி வந்தாள். வந்தவள் நேராகத் தொட்டிலுக்கு வரவில்லை. வெளியே சுற்றிப்போய், ஜன்னலோரம் குழாயின் வாயில் கையை நீட்டி, குளிர்காற்று வருகிறதா என்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து மெஷினின் முன்பக்கம் கையை வைத்தாள். அதன் பிறகு அதன் அடியில் குனிந்து பேசினைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மொதல்ல புள்ளயப் பாரு புள்ள," என்றேன்.

"புள்ளைக்கு என்ன அக்கா, அது ஒங்க கிட்டல்ல இருக்கு," என்று சொல்லிக்கொண்டே பேசினைத் தூக்கி வெளியே ஊற்றப் போனாள்.